தலைப்பில் ஊர் எங்கே? தேதி எங்கே?

மழைக்காலம். காலை ஆறரை மணி.

ஈரோட்டில் இருக்கும் என் அக்காள் வீட்டில் அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. வெளியே லேசான தூறல். அத்தான் செல்போனை எடுத்துப் பார்த்தார். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது.

முழுச் செய்தி அல்ல. ஒரு சிறு பெட்டி. மேலே ஒரு படம். குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "கனமழை: பள்ளிகளுக்கு இன்று விடுமுறை." அதற்கும் கீழே ஒரு செய்தித் தளத்தின் பெயர்.

"இன்னைக்கு லீவாம்மா. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு" என்று மகளிடம் சொன்னார் அத்தான். நல்ல மனசோடுதான் சொன்னார். அதே பெட்டியை இன்னும் இரண்டு குழுக்களுக்கும் அனுப்பிவைத்தார்.

ஆனால், பள்ளிக்கு விடுமுறை இல்லை!

அந்தச் செய்தி இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அன்று விடுமுறை விட்டதும் கடற்கரை ஓரத்து மாவட்டம் ஒன்றுக்குத்தான். இரண்டு விவரமும் உள்ளே இருந்தன. விரலால் தட்டித் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் திறக்கவில்லை.

என் அக்காள் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள். அன்று அவள் மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் போகவேண்டும். மூன்று வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தாள். எட்டரை மணிக்குப் பள்ளியிலிருந்து வேன் கிளம்பிவிட்டது. ஒன்பது மணிக்கு டீச்சர் போன் செய்தபோதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் எனக்குப் போன் பண்ணினாள். "எனக்குப் பதிலா வேற பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க மாமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

குற்றம் யாருடையது?

"விசாரிக்காமல் நம்பியவர் குற்றம்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அத்தான் மீது பிசகு உண்டு. அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால், நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பெட்டியில் ஊர்ப் பெயர் ஏன் இல்லை? தேதி ஏன் இல்லை? அந்தப் பெட்டியைச் செய்தவர் யார்?

பெட்டி எப்படிப் பிறக்கிறது?

லிங்க் அனுப்பினால் படமும் தலைப்பும் தானாக வந்துவிடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

ஒவ்வோர் இணையப் பக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேல்பகுதி உண்டு. அது நாம் படிப்பதற்கு அல்ல, இயந்திரம் படிப்பதற்கு. "இந்தப் பக்கத்தை யாராவது பகிர்ந்தால், இந்தத் தலைப்பைக் காட்டு; இந்தப் படத்தைக் காட்டு; கீழே இந்த இரண்டு வரியைக் காட்டு" என்று பக்கத்தின் சொந்தக்காரர் அங்கே எழுதிவைக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு 'ஓபன் கிராப்' என்று பெயர். 2010-ல் பேஸ்புக் கம்பெனி இதைக் கொண்டுவந்தது. 2012-ல் டுவிட்டரும் இதே போன்ற ஓர் ஏற்பாட்டைச் செய்தது. வாட்ஸ்அப்பும் பெட்டியைக் காட்ட இந்த வரிகளைத்தான் படிக்கிறது.

வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒரு லிங்கை ஒட்டியதும் என்ன நடக்கிறது? உங்கள் போன் அந்தப் பக்கத்துக்குப் போகிறது. மேல்பகுதியைப் படிக்கிறது. தலைப்பையும் படத்தையும் எடுத்துவந்து ஒரு பெட்டியாகக் கட்டுகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

சொந்தக்காரர் ஒன்றும் எழுதிவைக்காவிட்டால்? இயந்திரம் தானே ஊகித்துக்கொள்ளும். பக்கத்தில் அகப்படும் ஏதோ ஒரு தலைப்பையும், ஏதோ ஒரு படத்தையும் போட்டுவிடும். சில சமயம் வெறும் முகவரி மட்டும் நிற்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தலைப்பும், பெட்டியில் இருக்கும் தலைப்பும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாசலுக்கு ஒரு தலைப்பும், வீட்டுக்குள் வேறொரு தலைப்பும் வைக்கலாம்.

இங்கேதான் நன்மையும் இருக்கிறது, தீமையும் இருக்கிறது.

அப்பளக்கார அம்மாளின் அனுபவம்

முதலில் நன்மையைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் அப்பளமும் வடகமும் போட்டு விற்கிறார். கணவர் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகன் ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தான். அம்மாள் அந்த லிங்கைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

பதினைந்து நாள் ஆயிற்று. ஓர் ஆர்டர்கூட வரவில்லை!

என்ன காரணம்? எனக்கு வந்த பெட்டியைப் பார்த்தேன். ஏதோ வெளிநாட்டு ஓட்டலின் சாப்பாட்டு மேஜை படம். முள்கரண்டி, கண்ணாடிக் குவளை எல்லாம் இருந்தன. தலைப்பில் 'ஹோம்' என்று ஒரே ஒரு வார்த்தை. பையன் ஆயத்தமாகக் கிடைத்த ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்துத் திருத்தியிருந்தான். உள்ளே எல்லாவற்றையும் மாற்றினான். கண்ணுக்குத் தெரியாத மேல்பகுதியை மறந்துவிட்டான். பெட்டியைப் பார்த்தவர்கள் ஏதோ ஏமாற்று வேலை என்று பயந்து ஒதுங்கிவிட்டார்கள்.

பையனிடம் சொன்னேன். அன்று இரவே உட்கார்ந்து திருத்தினான். மொட்டை மாடியில் அப்பளம் காயும் படம். படத்தின் அளவு 1,200 புள்ளி அகலம், 630 புள்ளி உயரம். இதுதான் பேஸ்புக் சிபாரிசு செய்யும் அளவு. தலைப்பில் "வீட்டு அப்பளம், வடகம்" என்று போட்டு ஊர்ப் பெயரையும் சேர்த்தான். கீழே, கட்டு என்ன விலை, எந்தெந்தக் கிழமை கிடைக்கும் என்று எழுதினான்.

அப்படியும் பேஸ்புக்கில் பழைய முள்கரண்டிப் படமே வந்தது! முதல் தடவை எடுத்த நகலை அது பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தது. அதைப் புதுப்பிக்கச் சொல்வதற்கென்று அந்தக் கம்பெனியே ஒரு சாதனம் வைத்திருக்கிறது. அதில் முகவரியைக் கொடுத்து, மறுபடியும் படிக்கச் சொன்னான். படம் மாறிவிட்டது.

அதே வாரம் நாலு ஆர்டர் வந்தது. தீபாவளிக்குள் அம்மாள் உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டார்.

ஆகவே, பெட்டியை நம் விருப்பப்படி அமைப்பது தவறு அல்ல. கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது தவறா? அமைக்காமல் விடுவதுதான் தவறு. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அந்த அம்மாளின் அகமும் முகமும் இப்போது ஒன்றாக இருக்கின்றன. நான் கேட்பதும் அது ஒன்றுதான்.

பெட்டிக்கடைப் போஸ்டர்

இனித் தீமைக்கு வருவோம்.

"பத்திரிகைக்காரர்கள் அந்தக் காலத்திலிருந்தே இதைத்தானே செய்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். பெட்டிக்கடை வாசலில் தொங்குமே, செய்தித்தாள் போஸ்டர்! அதிலும் நாலே வார்த்தைதான் இருக்கும். அதிலும் ஊரும் பேரும் முழுசாக இருக்காது.

உண்மை. ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு.

போஸ்டருக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் காலையில் அதன்மேல் புதுப் போஸ்டர் ஏறிவிடும். அது தொங்கும் கடை அந்த ஊர்க் கடை. பக்கத்திலேயே அன்றைய பத்திரிகையும் தொங்கும். ஆகவே, ஊரும் தேதியும் எழுதாமலே தெரிந்துவிடும்.

செல்போன் பெட்டிக்கு இந்த வேலி எதுவும் இல்லை. அது நாகப்பட்டினத்திலிருந்து ஈரோட்டுக்கு ஒரு நொடியில் வந்துவிடும். இரண்டு வருஷம் தூங்கிவிட்டு, ஒரு மழை நாளில் எழுந்து வரும். வரும்போது புதுப் பெட்டி போலவே பளபளவென்று வரும். காகிதம் பழுத்தால் பழசு என்று தெரியும். பெட்டி பழுப்பதில்லை.

இன்னும் ஒரு சங்கடம். தளக்காரர் பிற்பாடு தவறை உணர்ந்து தலைப்பைத் திருத்துகிறார் என்று வையுங்கள். பக்கம் திருந்திவிடும். வாட்ஸ்அப்பில் முன்பே போன பெட்டி திருந்தாது. அது அனுப்பியபோது இருந்த முகத்தோடு அப்படியே நிற்கும். விட்ட அம்பு விட்டதுதான்.

ஆகவே, முதல் தடவை எழுதும்போதே சரியாக எழுதவேண்டும்.

பொறுப்பு யாருக்கு?

முன்பெல்லாம் பேஸ்புக்கில் யார் வேண்டுமானாலும், யாருடைய லிங்கை வேண்டுமானாலும் போட்டு, அதன் தலைப்பையும் படத்தையும் இஷ்டப்படி மாற்றலாம். உள்ளே ஒரு நல்ல பத்திரிகையின் செய்தி இருக்கும். வெளியே எவனோ எழுதிய பொய்த் தலைப்பு இருக்கும். பழி பத்திரிகைக்கு வரும்.

2017-ல் பேஸ்புக் இந்த வசதியை எடுத்துவிட்டது. பொய்ச் செய்தியைத் தடுக்கத்தான் என்று காரணம் சொன்னது. பக்கம் தங்களுடையதுதான் என்று நிரூபித்த பத்திரிகைகளுக்கு மட்டும் அந்த உரிமை இருக்கும்படி செய்தது.

இது நியாயமான காரியம். உரிமை யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடம்தான் இருக்கவேண்டும். பெட்டியில் வரும் தலைப்பைப் பக்கத்தின் சொந்தக்காரர்தான் எழுதுகிறார். பிறகு, "படிக்கிறவர்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்" என்று அவர் கையைக் கழுவக்கூடாது.

நாலில் மூன்று பேர்!

ஏனென்றால், பெரும்பாலோர் உள்ளே போவதே இல்லை. இது என் ஊகம் அல்ல, கணக்கு.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். 2017 முதல் 2020 வரை பேஸ்புக்கில் பகிரப்பட்ட மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் சுமார் 75 சதவீதம், லிங்கைத் திறந்து பார்க்காமலே பகிரப்பட்டவை!

நூற்றுக்கு எழுபத்தைந்து. அதாவது, நாலில் மூன்று.

இதற்கு என்ன அர்த்தம்? முக்கால்வாசிப் பகிர்வுகளுக்குப் பெட்டிதான் செய்தி. உள்ளே இருக்கும் ஐந்நூறு வார்த்தை அல்ல. வெளியே இருக்கும் ஐந்து வார்த்தைதான் ஊரைச் சுற்றுகிறது. அந்த ஐந்து வார்த்தையில் ஊரும் தேதியும் இல்லாவிட்டால், செய்தியிலேயே ஊரும் தேதியும் இல்லாத மாதிரிதான்.

லண்டன் பத்திரிகை காட்டிய வழி

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு பத்திரிகை செய்து காட்டியிருக்கிறது.

லண்டனிலிருந்து வரும் 'தி கார்டியன்' பத்திரிகைக்கும் இதே தொல்லை இருந்தது. அதன் பழைய கட்டுரைகளைப் புதுச் செய்தி என்று நினைத்து மக்கள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 2019-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அந்தப் பத்திரிகை ஓர் அறிவிப்புச் செய்தது. கட்டுரைக்கு ஒரு வயதுக்கு மேல் ஆகிவிட்டால், பக்கத்தின் மேலே மஞ்சள் நிறத்தில் அதைச் சொல்லிவிடும். அது மட்டும் அல்ல. அந்த லிங்கை யாராவது பகிர்ந்தால், பெட்டியில் வரும் படத்தின்மேலேயே அது எந்த வருஷத்துக் கட்டுரை என்று பொறித்துவிடும்!

திறக்காதவர் கண்ணிலும் வருஷம் பட்டுவிடும். எவ்வளவு எளிய யோசனை!

மறு வருஷம், 2020 ஜூனில், பேஸ்புக்கும் ஒரு காரியம் செய்தது. 90 நாளுக்கு மேற்பட்ட செய்தியை ஒருவர் பகிரப் போனால், "இது பழைய செய்தி" என்று எச்சரிக்க ஆரம்பித்தது. அதே வருஷம் டுவிட்டர், கட்டுரையைத் திறக்காமல் பகிரப் போகிறவரிடம் "முதலில் படித்துப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்த்தது. அப்படிக் கேட்டதும், திறந்து படிப்பது 40 சதவீதம் அதிகமாயிற்று என்று அந்தக் கம்பெனி சொன்னது.

ஆனால், கம்பெனிகளையே நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அவை இன்று ஒரு விதமாகவும், நாளை ஒரு விதமாகவும் நடக்கும். டுவிட்டர் 'எக்ஸ்' என்று பெயர் மாறிய பிறகு, 2023 அக்டோபரில், பெட்டியிலிருந்த தலைப்பையே எடுத்துவிட்டார்கள். வெறும் படமும், தளத்தின் பெயரும்தான் நின்றன. பிற்பாடு சிறிய எழுத்தில் தலைப்பு திரும்பி வந்தது. அவர்கள் பெட்டி, அவர்கள் இஷ்டம்! நம் கையில் இருப்பது நாம் எழுதும் வரிதான். அதையாவது நாம் ஒழுங்காக எழுதவேண்டும்.

எங்கள் தொழிலின் சாக்குகள்

இதை எழுதுகிற நானும் தலைப்புப் போடுகிறவன்தான். ஆகவே, எங்கள் தொழிலில் என்ன சாக்குச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதல் சாக்கு: "பெட்டியில் இடம் இல்லை. தலைப்பு நீண்டால் போனில் பாதியோடு வெட்டுப்பட்டுவிடும்."

வெட்டுப்படும், வாஸ்தவம்தான். அதனால்தான் முக்கியமானதை முதலில் போடவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நாலு மாவட்டங்களுக்கு 4-ந் தேதி விடுமுறை விட்டார்கள். அதை எப்படி எழுதுவது? "சென்னை உள்பட 4 மாவட்டங்களுக்கு 4-12-2023 விடுமுறை." அவ்வளவுதான்! ஊர் இருக்கிறது. தேதி இருக்கிறது. ஒரே வரியில் அடங்கிவிட்டது. 'அதிரடி', 'அதிர்ச்சி', 'முக்கிய அறிவிப்பு' என்ற வார்த்தைகளுக்கு இடம் இருக்கும்போது, தேதிக்கு இடம் இல்லையா?

இரண்டாவது சாக்கு: "எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிட்டால் எவர் உள்ளே வருவார்? ஆள் வராவிட்டால் விளம்பரம் வராது. சம்பளம் யார் கொடுப்பார்?"

இது கொஞ்சம் கனமான சாக்கு. என் வீட்டு அடுப்பும் அந்த விளம்பரத்தில்தான் எரிகிறது. ஆனால், யோசித்துப் பாருங்கள். ஊரை மறைத்தால் எல்லா ஊர்க்காரரும் ஒரு தடவை வருவார்கள். ஏமாந்து போவார்கள். மறு தடவை அந்தத் தளத்தின் பெயரைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். எடையில் குறைக்கிற மளிகைக்கடைக்கு எத்தனை நாள் கூட்டம் வரும்?

மூன்றாவது சாக்கு: "உள்ளே தேதி போட்டிருக்கிறோமே!"

என் அக்காள் மகளிடம் வந்து இதைச் சொல்லுங்கள் என்பதுதான் இதற்குப் பதில்.

நாம் என்ன செய்யலாம்?

தளக்காரர்கள் திருந்தும்வரை வீட்டில் நாம் செய்யக்கூடியது சில உண்டு. எல்லாம் சின்னக் காரியங்கள்.

ஒன்று: பெட்டியைப் பார்த்ததும் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்த ஊர்? எந்தத் தேதி? இரண்டுக்கும் பெட்டியில் பதில் இல்லையா? தட்டித் திறந்து பாருங்கள். அரை நிமிஷ வேலை.

இரண்டு: வாட்ஸ்அப்பில் வந்த செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா? அது பல கை மாறி வந்த செய்தி என்று அர்த்தம். இந்த மாதிரிச் செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. அவர்களே சந்தேகப்படும் செய்தியை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

மூன்று: பணமும் உதவியும் தருவதாகச் சொல்லும் பெட்டிகளிடம் இரட்டை ஜாக்கிரதை வேண்டும். படத்தில் அரசாங்க முத்திரை இருப்பதால் அது அரசாங்கத்தின் பக்கம் ஆகிவிடாது. படத்தை யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் வைக்கலாம் என்று மேலே பார்த்தோம். கீழே இருக்கும் முகவரியைப் பாருங்கள். ஆதார் எண்ணையோ, பாங்கிக் கணக்கையோ கேட்டால், அங்கேயே மூடிவிடுங்கள்.

நாலு: விடுமுறை உண்டா இல்லையா என்பதை வாட்ஸ்அப் குழுவிடம் கேட்காதீர்கள். மழைக்குப் பள்ளி விடுமுறை விடுகிறவர் பெரும்பாலும் உங்கள் மாவட்டக் கலெக்டர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

ஐந்து: வீட்டில் எழுதப் படிக்க இப்போதுதான் பழகியவர்கள் இருந்தால், அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் எழுத்தை மதிக்கிறவர்கள். அச்சில் வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கையில் விளையாடுவது பெரிய பாவம்.

தளக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக, இணையத்தில் செய்தி போடுகிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை. பெரிய பத்திரிகையாக இருந்தாலும் சரி, ஒற்றை ஆள் நடத்தும் தளமாக இருந்தாலும் சரி.

பெட்டியை அமைக்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது. படத்தை அழகாகப் போடுங்கள். தலைப்பைக் கவர்ச்சியாகவும் போடுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், விடுமுறை, புயல், தேர்வு, பஸ், ரேஷன் என்று குடும்பங்களின் அன்றாடத்தைத் தொடும் செய்தி என்றால், ஊரையும் தேதியையும் அந்தப் பெட்டியிலேயே போடுங்கள். வெளியே சொல்வது உள்ளே இருக்கட்டும். உள்ளே இருப்பதில் முக்கியமானது வெளியே தெரியட்டும்.

இதற்குச் சட்டம் வேண்டாம், செலவும் இல்லை. தலைப்பு எழுதும்போது பத்து விநாடி அதிகம் ஆகும். அவ்வளவுதான்.

போன வாரம் ஈரோட்டுக்குப் போயிருந்தேன். மறுபடியும் தூறல். அத்தான் போனில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், சடை பின்னிக்கொண்டிருந்த என் அக்காள் மகள் கேட்டுவிட்டாள்:

"எந்த ஊருக்கு அப்பா? என்னிக்கு?"

அத்தான் பெட்டியைத் தட்டித் திறந்தார்.